பன்னெண்டு மணி மழை

அந்தப் பையைக் கொஞ்சம் பாத்து நகத்துங்க அம்மணி. உள்ள புதுச் சொம்பு இருக்குது. இன்னிக்குக் காலையிலதான் பொள்ளாச்சியில வாங்கினேன். பித்தளை அவ்வளவு லேசுல நசுங்காது, இருந்தாலும் புதுசு பாருங்க, மனசு கேக்க மாட்டேங்குது. நீங்க ஜன்னலோரம் வந்துக்கங்க. மலைக்கு இப்பதான் முதல் தடவை வர்றீங்களா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆழியாறு தாண்டினா நாப்பது வளைவு. இந்தாங்க, எலுமிச்சம்பழம். மோந்துக்கிட்டே வாங்க. யாராச்சும் பேச்சுக் கொடுத்துக்கிட்டே வந்தா வாந்தி வராது. பேசறதுக்கு நான் இருக்கேன், கவலைப்படாதீங்க.

என்ன வேலையா மேல போறீங்க? டீச்சரா! என்ன பாடம்? சயன்சா? அடடா, அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே லைன்தான். சிரிக்காதீங்க. நானும் சயன்ஸ்லதான் இருக்கேன். என் பேரு பூரணம். மஞ்சப்பாறை எஸ்டேட், ரெண்டாம் டிவிஷன். முப்பத்திரெண்டு வருஷம் கொழுந்து பறிச்சு ரிட்டயர் ஆனவ. இப்ப மழை பாக்கற வேலை. மழையை என்ன பாக்கறது, வானத்தைப் பாத்தா தெரியப் போகுதுன்னு எங்க வீட்டுக்காரர் கூட நக்கல் பண்ணாரு. இன்னிக்கு என்னாலதான் கம்ப்யூட்டரே திருந்தியிருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? இருங்க, முதல்ல இருந்து சொல்றேன்.

எங்க எஸ்டேட்டுக்கு மேல சோலைக்காடு ஒண்ணு இருக்குது. டீச்செடி போடாம அப்படியே விட்டு வச்ச காடு. உள்ள போனா பகல்லயே இருட்டா இருக்கும். நடுவுல மட்டும் பெரிய பாறை ஒண்ணு, சுத்தி மரமே இல்லாம வெட்டவெளி. போன வருஷம் மாசி மாசம் அங்க ஒரு மழைமானி கொண்டு வந்து வச்சாங்க. வச்சது வெண்ணிலாங்கற பொண்ணு. பெங்களூர்ல பெரிய படிப்பு படிக்கறா, சொந்த ஊர் மன்னார்குடி. குச்சி மாதிரி இருப்பா, சாப்பாட்டை மட்டும் என்னைய விட ஒரு பிடி அதிகமா சாப்பிடுவா. என்னைய அக்காம்பா. எனக்கு அம்பத்தெட்டு வயசு, நான் அக்காவாம். அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்கு என்ன வேணும்னாலும் செய்யலாம்.

அந்த மெஷின் இருக்கே, ஒரு வெள்ளை டப்பா, மேல புனல். உள்ள ரெண்டு குட்டிக் கிண்ணம் ஏத்தமும் இறக்கமுமா இருக்கும். மழைத்தண்ணி புனல் வழியா ஒரு கிண்ணத்துல விழும். அது நிறைஞ்சதும் டக்குன்னு சாஞ்சு கொட்டிடும், அடுத்த கிண்ணம் வந்து நிக்கும். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு கணக்கு. பக்கத்துல இருக்கற பெட்டி அதை மணி நிமிஷத்தோட தானாவே எழுதி வச்சுக்கும். மாசம் ஒரு தடவை ஜீப்காரர் காலையில வந்து அந்தக் கணக்கை எடுத்து பெங்களூருக்கு அனுப்பிடுவாரு.

அதுவே எழுதிக்குதே, அப்புறம் நான் எதுக்கு கண்ணுன்னு கேட்டேன். "புனல்ல இலை விழும், பூச்சி விழும், குருவி எச்சம் போடும். அடைச்சுக்கிச்சுன்னா மொத்தக் கணக்கும் போச்சுக்கா. தினமும் ஒரு தடவை போய்ப் பாத்து சுத்தமா வச்சுக்கணும், அது ஒண்ணுதான் உங்க வேலை"ன்னா. சுத்தமாம்! யார்கிட்ட வந்து சொல்றா பாருங்க. நாங்க குடியிருக்கற பாடி லைன் வீடுகள்ல வந்து கேட்டுப் பாருங்க அம்மணி, பூரணம் வீட்டுப் பாத்திரத்துல மூஞ்சி பாத்து பொட்டு வைக்கலாம்னு சொல்லுவாங்க. அந்த ஒரு விஷயத்துல என்னைய யாரும் குறை சொன்னதில்ல.

இது எத்தனையாவது வளைவு? ஒம்பதா? பரவாயில்லையே, இன்னும் உங்களுக்கு மூஞ்சி வெளுக்கல.

எதுக்கு இந்த மழைமானி, ஏன் காட்டுக்குள்ள வைக்கறேன்னு அவ ஒருநாள் எங்க அடுப்படியில உக்காந்து சொன்னா. கம்ப்யூட்டர்ல உலகம் பூராவையும் தாயக்கட்டம் மாதிரி கட்டம் போட்டு வச்சிருக்காங்களாம். எங்க எவ்வளவு மழை பெய்யும், இன்னும் அம்பது வருஷம் கழிச்சு எப்படி இருக்கும், எல்லாம் அதுல கணக்குப் போட்டுத்தான் சொல்றாங்களாம். ஆனா ஒரு கட்டம் எவ்வளவு பெருசுங்கறீங்க? பொள்ளாச்சியில ஆரம்பிச்சா சாலக்குடி வரைக்கும் ஒரே கட்டமாம். தென்னந்தோப்பு, மலை, சோலை, டீத்தோட்டம், எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கடைஞ்சு வச்சிருக்குது. மேகம்னா அந்தக் கட்டத்தை விட ரொம்பச் சின்னது. அதனால கம்ப்யூட்டர் கண்ணுக்கு மேகமே தெரியாதாம். கட்டத்துக்குள்ள இவ்வளவு சூடு, இவ்வளவு ஈரம், அப்ப இவ்வளவு மழைன்னு குத்துமதிப்பா அடிச்சு விடுதாம்.

அதுல என்ன ஆகுதுன்னா, வெயில் உச்சிக்கு வந்தவுடனே கம்ப்யூட்டர் மழையைப் பெய்ய விட்டுருது. பன்னெண்டு மணிக்கே. அதுவும் தினமும், கொஞ்சூண்டு கொஞ்சூண்டா. தூறல். காட்டு மழை அப்படியா அம்மணி பெய்யும்? காலையில இருந்து மரமெல்லாம் மூச்சு விடும். அந்த ஈரம் மேல ஏறும், மேகம் கட்டும், கலையும், மறுபடியும் கட்டும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னு, நாலு மணிக்கு மேல பாத்து ஒரேயடியாக் கொட்டும். சில நாள் ஒரு பொட்டு விழாது, சில நாள் பாலத்தையே மூழ்கடிச்சிரும்.

நான் சொன்னேன், "இதுக்கு எதுக்கு கண்ணு இவ்வளவு படிப்பு? குக்கரை அடுப்புல வச்சதும் விசில் வருமா? தண்ணி சூடாகணும், ஆவி கட்டணும், அப்புறம்தானே கத்தும். உங்க கம்ப்யூட்டர் அடுப்பைப் பத்த வச்சதுமே விசில் அடிக்குது." அவ வாயில வச்ச தோசையை எடுத்துட்டு என்னையவே பாத்தா. அப்புறம் நோட்டை எடுத்து அதை எழுதிக்கிட்டா. என் பேச்சை ஒருத்தர் நோட்டுல எழுதினது அதுதான் முதல் தடவை.

"அப்ப கம்ப்யூட்டர்கிட்ட யாராச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டேன். சொல்றதுக்குக் கணக்கு வேணுமாம். மழைமானியெல்லாம் ஊருக்குள்ள, டவுனுக்குள்ள, ஏர்போர்ட்டுல வச்சிருக்காங்களாம். காட்டுக்குள்ள யாரு போய் அளக்கறது? அட்டை கடிக்கும், யானை வரும். அளக்க ஆளில்லாததால தப்பைப் பிடிக்கவும் ஆளில்லை. நான் நினைக்கறேன், கம்ப்யூட்டர் ஏசி ரூம்லயே கிடக்குதில்ல, அதுக்கு வெயில் புழுக்கம் தெரியாததும் ஒரு காரணம். வெண்ணிலா அதை எழுதிக்கல, ஆனா சிரிச்சா.

அவளுக்கு என்ன சிக்கல்னா, அந்தக் கம்ப்யூட்டர் கணக்கை இருபது வருஷமா உக்காந்து கட்டினவரே அவளோட பெரிய சார்தான். தத்தாத்ரேயன் சாருன்னு பேரு. அவர்கிட்டயே படிச்சுக்கிட்டு அவரு கணக்கு தப்புன்னு காட்டணும். காட்டிட்டா டாக்டர் பட்டம். "காட்ட முடியலேன்னா?"ன்னு கேட்டேன். "அஞ்சு வருஷப் படிப்பு குப்பைக்குப் போகும்க்கா. மூட்டையைக் கட்டிக்கிட்டு மன்னார்குடிக்குப் போகணும். அம்மா மாப்பிள்ளை போட்டோவோட வாசல்லயே நிக்கறாங்க"ன்னா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பிள்ளைக்காக அந்த மெஷினைச் சாமி மாதிரி பாத்துக்கணும்னு.

பாத்துக்கிட்டேன் அம்மணி. எங்க ஃபேக்டரியில பன்னெண்டு மணிக்குச் சங்கு ஊதும். முப்பத்திரெண்டு வருஷம் அந்தச் சங்குக்குத்தான் கூடையை இறக்கி வச்சேன், இப்பவும் காது அதைத்தான் கேக்கும். சங்கு ஊதினதும் கிளம்புவேன். வெயில் நேரத்துல அட்டையும் கம்மி. இருபது நிமிஷம் ஏத்தம். கையில ஒரு குட்டிச் சொம்பு, எனக்குக் கல்யாணத்துல சீரா வந்தது, ஒரு டம்ளர் தண்ணிதான் பிடிக்கும். கீழ ஓடையில கழுத்து வரைக்கும் தண்ணி மொண்டுக்குவேன். மேல போய்ப் புனல்ல கிடக்கற இலையை எடுத்துப் போட்டுட்டு, சொம்புத் தண்ணியை மெதுவா சுத்திச் சுத்தி ஊத்தி, விரலால தேச்சுக் கழுவி விட்டுட்டு வருவேன். பளிச்சுன்னு இருக்கும். உள்ள அந்தக் கிண்ணம் டக்கு டக்குன்னு ஆடும். அது எனக்கு நன்றி சொல்ற மாதிரி இருக்கும்.

பாத்தீங்களா, உங்களுக்கு இப்பவே சிரிப்பு வந்துருச்சு. நீங்க சயன்ஸ் டீச்சர், சட்டுன்னு பிடிச்சுட்டீங்க. எனக்கு மூணு மாசம் ஆச்சு. பெங்களூர்ல அத்தனை படிச்சவங்களுக்கும் மூணு மாசம்தான் ஆச்சு, அதையும் சேத்துக்கங்க.

வைகாசி பிறந்து பத்து நாள் இருக்கும். திடுதிப்புன்னு வெண்ணிலா வந்து நிக்கறா. கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. வந்ததும் பையைக் கூட இறக்கல. "பூரணக்கா, உண்மையைச் சொல்லுங்க. இங்க மத்தியானம் மழை பெய்யுதா?"

"மத்தியானமா? உனக்கென்ன பைத்தியமா? வெயில் மண்டையைப் பிளக்குது."

"மெஷின் சொல்லுதுக்கா. தினமும் பன்னெண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நாலு மில்லிமீட்டர். பெரிய சார் கம்ப்யூட்டர்ல எப்படி வருதோ அச்சு அசல் அப்படியே."

பெங்களூர்ல ஒரே திருவிழாவாம். இருபது வருஷமா ஊர் உலகத்துல எல்லாரும் அந்தப் பன்னெண்டு மணித் தூறலைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தாங்களாம். இப்ப நடுக்காட்டுல இருந்து கணக்கு வந்திருச்சு, கம்ப்யூட்டர் சொன்னது சரின்னு. பெரிய சார் ஆபீஸ் பூராவுக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாராம். வெளிநாட்டுல ஒரு கூட்டத்துல பேசப் போறாராம். வெண்ணிலாகிட்ட மட்டும், "உன் கட்டுரையைத் திரும்ப முதல்ல இருந்து எழுதிரும்மா"ன்னு சொல்லியிருக்காரு. அதைச் சொல்லும்போதே அழுகை வந்திருச்சு அவளுக்கு.

எனக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே! "மெஷின் பொய் சொல்லுதா? நான் தினமும் அதே நேரத்துக்கு அங்கதான் நிக்கறேன். ஒரு சொட்டு மழை கிடையாது. எந்தச் சாமி முன்னாடி வேணும்னாலும் சொல்லுவேன்"னேன்.

"ஒரு நாள் விடாம போனீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்ல"ன்னேன்.

அது பொய் அம்மணி. ரெண்டு நாள் போகல. ஆனா அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டு நிக்கற நேரத்துல, நானும் வேலைக்கு மட்டம் போட்டேன்னு எப்படிச் சொல்றது?

மறுநாள் காலையில, ஊருக்குத் திரும்பற பஸ்ஸுக்கு முன்னாடி, அவளே போய் மெஷினைக் கழட்டிப் பாத்தா. ஒரு கோளாறும் இல்ல. "சிங்கவால் குரங்கு ஏதாச்சும் மேல உக்காந்து ஒண்ணுக்குப் போகுதோ"ன்னு கேட்டா. "தினமுமா? எஸ்டேட் சங்கு கேட்டுட்டா வருது?"ன்னேன். அவ்வளவு அழுகையிலயும் சிரிச்சுட்டா. நானும் சிரிச்சேன். சங்கு கேட்டுட்டு வர்ற குரங்கு எதுன்னு எனக்கு அப்பவும் தோணல பாருங்க! மெஷினைக் கழுவினதை அவகிட்ட ஏன் சொல்லலேன்னா, அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? நீங்க பல்லு விளக்கினதை யார்கிட்டயாச்சும் போய்ச் சொல்லுவீங்களா?

அந்த வாரமே பெரிய சார் நேர்ல வர்றாருன்னு போன் வந்துச்சு. பன்னெண்டு மணி மழையைக் கண்ணால பாக்கணுமாம். முதல் நாளே போய் டப்பாவைச் சோப்புப் போட்டுத் துடைச்சு, சுத்தி இருந்த புல்லைச் செதுக்கி, பாறையைக் கூட்டி, வழியில கிடந்த யானை லத்தியெல்லாம் அள்ளிப் போட்டேன். நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வச்சேன். வெளியூர்ல இருந்து ஒருத்தர் நம்ம மெஷினைப் பாக்க வர்றாருன்னா சும்மாவா?

சார் வெண்ணிலாவோட வந்தாரு. நல்ல உயரம், வெள்ளைத் தாடி, மரியாதையான பேச்சு. "வணக்கம் அம்மா, தங்கள் உதவிக்கு மிகவும் நன்றி"ன்னாரு, ரேடியோ மாதிரி. கையில பெரிய கறுப்புக் குடை. தோள்ல மழைக்கோட்டு. கண்ணு கூசற வெயில்! வெண்ணிலா குடையைப் பாத்தா, என்னையப் பாத்தா, கீழ குனிஞ்சுக்கிட்டா.

ரெண்டு பேரும் பதினொண்ணரைக்கே மேல போயிட்டாங்க. நான் வழக்கம் போல சங்கு ஊதினதும் கிளம்பினேன். ஓடையில சொம்பைத் தேச்சு, கழுத்து வரைக்கும் மொண்டுக்கிட்டுப் போனா, ரெண்டு பேரும் பாறையில எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பெட்டியில இருந்து ஒயர் இழுத்து மடியில வைக்கற கம்ப்யூட்டர்ல மாட்டி, அதையே வச்ச கண்ணு வாங்காம பாக்கறாங்க. பெரிய மனுஷங்க வேலையா இருக்கும்போது நாம எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு, செருப்பைக் கூட ஓரமாக் கழட்டி வச்சுட்டு, பூனை மாதிரி நடந்து போய், என் வேலையை ஆரம்பிச்சேன்.

டக்கு. டக்கு. டக்கு.

"பெய்யுது!"ன்னு கத்தினாரு சார். "பெய்யுது வெண்ணிலா, பார், பெய்யுது!" எந்திரிச்சாரு. குடையை விரிச்சாரு. அம்மணி, அந்த வெயில்ல, மேல பொட்டு மேகம் இல்லாத வானத்துக்குக் கீழ, ரெண்டு கையாலயும் குடையைப் பிடிச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி முகமெல்லாம் பல்லா நிக்கறாரு மனுஷன்!

வெண்ணிலா மெதுவா மேல பாத்தா. கையை நீட்டிப் பாத்தா. அப்புறம் திரும்பினா. நான் நல்ல சேலையில, சொம்பைச் சாச்சபடி நிக்கறேன். கடைசி சொட்டு அப்பதான் விழுது. டக்கு.

குயில் ஒண்ணு எங்கயோ கூவிக்கிட்டு இருந்துச்சு. சார் குடையை மடக்கவும் மறந்துட்டாரு. "அம்மா, இது என்ன?"ன்னாரு. "கழுவறேன் சார்"னேன். "தினமுமா?" "தினமும்தான் சார். சுத்தம் ரொம்ப முக்கியம்னு பாப்பா சொல்லியிருக்கு."

வெண்ணிலா பாறையில அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டா. அழறான்னு நினைச்சு ஓடினேன், பாத்தா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறா. "சங்கு கேட்டு வர்ற குரங்கு"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. எனக்கு அப்பதான் உரைச்சது. தலையில கை வச்சுக்கிட்டேன். மூணு மாசமா அந்தப் பிள்ளை வாயில மண்ணைப் போட்டது நானேதான்னு நினைச்சப்ப, அந்தச் சொம்பைத் தூக்கி ஓடையில எறிஞ்சிடலாம் போல இருந்துச்சு.

சார் சிரிக்கல. அவரு யோசிச்சாரு. அப்புறம் சொன்னாரு, "இவங்க ஊத்தினது பாதி, நிஜமாவே பெய்ஞ்சது பாதின்னு இருக்கலாம். ரெண்டையும் பிரிக்கறதுக்கு வழியில்லை. மூணு மாசக் கணக்கையும் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்." வெண்ணிலா சிரிப்பு டக்குன்னு நின்னுருச்சு. தூக்கிப் போட்டா அவளுக்குக் காட்டறதுக்கு என்ன இருக்கு? அவ முகத்தைப் பாத்தேன். இனிமே மானம் மரியாதை பாத்தா ஆகாதுன்னு தோணிருச்சு.

"சார், நான் ஒரு பொய் சொல்லிட்டேன்"னேன். "ரெண்டு நாள் நான் வேலைக்கு வரல."

பங்குனி கடைசி ஞாயித்துக்கிழமை எங்க நாத்தனார் மகளுக்கு உடுமலையில சீர். போகலேன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. இன்னொண்ணு சித்திரை பத்து, செவ்வாக்கிழமை. பாதி வழியில யானைக் கூட்டம், குட்டியோட நிக்குது. சொம்பும் கையுமா ஒரு மணி நேரம் மரத்துக்குப் பின்னாடி நின்னுட்டு, தண்ணியை அங்கயே கொட்டிட்டு வந்துட்டேன். ரெண்டையும் ஒப்பிச்சேன். கொழுந்து பறிக்கற காலத்துல கூட சொல்லாம லீவு போட்டவ இல்ல நான்.

வெண்ணிலா பாஞ்சு கம்ப்யூட்டரை எடுத்தா. தட்டினா. "ஏப்ரல் ஏழு... மத்தியானம் பூஜ்யம்! ஏப்ரல் இருபத்திமூணு... பூஜ்யம்! சார், அன்னிக்குச் சாயங்காலம் நாலு இருபதுக்கு மேல அறுபத்திரெண்டு மில்லிமீட்டர் கொட்டியிருக்கு, மெஷின் நல்லாத்தான் இருந்திருக்கு!" அப்புறம் நிமிஷக் கணக்கைத் திறந்தா. அதுவரைக்கும் அவங்க மணிக்கணக்குக்குக் கூட்டித்தான் பாத்திருக்காங்க. நிமிஷத்துல பாத்தா, தினமும் அந்த நாலு மில்லிமீட்டரும் ஒரே நிமிஷத்துல விழுந்து நின்னு போயிருக்கு. எந்த மழை அப்படிப் பெய்யும்? பத்துத் தடவை என்னைய சொம்புல ஊத்தச் சொன்னாங்க. பத்துத் தடவையும் நாலு. "எப்படிக்கா இப்படிக் கரெக்டா?"ன்னா. கழுத்து வரைக்கும்னா கழுத்து வரைக்கும்தான், அதுல என்ன கூடக்குறைச்சல்? முப்பத்திரெண்டு வருஷம் கொழுந்து நிறுக்கற தராசு முன்னாடி நின்ன கை இது. அந்தச் சொம்பை மட்டும் கழிச்சுட்டா மீதிக் கணக்கு முத்து முத்தா சுத்தம். பன்னெண்டு மணிக்கு வெறும் பூஜ்யம். நாலு மணிக்கு மேல நிஜ மழை.

சார் என்கிட்ட இருந்து சொம்பை வாங்கினாரு. அவரே ஓடைக்கு இறங்கிப் போய்த் தண்ணி மொண்டு வந்து, அவரே ஊத்தினாரு. டக்கு டக்குன்னு கேட்டுக்கிட்டே நின்னாரு. "இருபது வருஷமா என் கம்ப்யூட்டர் பெய்ஞ்ச மழை இந்தச் சொம்பு மழைதானா அம்மா?"ன்னாரு. எனக்குப் பாவமாப் போச்சு. "அதனால என்ன சார், அதுவும் சுத்தமான தண்ணிதான்"னேன். அப்பதான் மனுஷன் சிரிச்சாரு. சிரிச்சா நிறுத்தவே இல்ல.

கீழ வந்து, ஆளுங்களுக்குப் பேர் போடற மஸ்டர் ஷெட்டுல உக்காந்து டீ குடிச்சோம். மூணு மணிக்கு மேல வானம் திரண்டுச்சு. நாலு பத்துக்கு இறங்குச்சு பாருங்க, தகரம் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி! பேசினது காதுல விழல. சார் கையை வெளிய நீட்டி நனைச்சுக்கிட்டே நின்னாரு. குடை ஓரமா சாத்தி வச்சது வச்சபடி இருந்துச்சு. "கணக்கைத் திருத்தறேன், வெண்ணிலா. இன்னொரு வருஷமும் இதே மாதிரி பாத்துக் கொண்டு வா, அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது"ன்னு சத்தமாச் சொன்னாரு. வெண்ணிலா என்னையக் கட்டிக்கிட்டா. எனக்கும் கண்ணு நிறைஞ்சிருச்சு, சொல்றதுக்கென்ன.

போகும்போது சொம்பை ஆதாரம்னு சொல்லிக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப பெங்களூர்ல கண்ணாடி அலமாரியில இருக்குதாம், என் பேரு போட்டு. என் கல்யாணச் சீர் பெங்களூர் போயிருக்கு, நான் இன்னும் போனதில்ல.

முப்பதாவது வளைவு தாண்டியாச்சு. குளிருது பாத்தீங்களா? முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கங்க.

இந்த வருஷமும் நான்தான் பாத்துக்கறேன். வேற யாரை நம்புவா அவ? வைகாசிக் கடைசியில கட்டுரையைக் கொடுக்கறா, அடுத்து டாக்டர். ஆனா போன வருஷம் கிளம்பறதுக்கு முன்னாடியே என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. "இனிமே பன்னெண்டு மணிக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுக்கா. துணியால துடைச்சா போதும்." சரின்னுட்டேன். சத்தியத்தை மீறற ஆளில்ல நான். பன்னெண்டு மணிக்கு அந்தப் பக்கமே போறதில்ல.

ஆனா அம்மணி, நீங்களே சொல்லுங்க, குருவி எச்சம் வெறும் துணிக்குப் போகுமா? ஈஷிக்கிட்டு நிக்குது. பாக்கச் சகிக்கல. யோசிச்சுப் பாத்தேன். பன்னெண்டு மணிக்கு ஊத்தினது ஏன் தப்பாச்சு? அது மழைக்கான நேரம் இல்ல. நாலு மணிதானே மழைக்கான நேரம்? அந்த நேரத்துல ஒரு சொம்புத் தண்ணி விழுந்தா மழைக் கணக்கோட கணக்கா சேந்துரும், யாருக்கும் இடைஞ்சல் இல்ல. அதனால இப்பல்லாம் நாலு மணிக்குப் போறேன். அட்டை கொஞ்சம் கடிக்குது, பரவாயில்ல, மூக்குப்பொடி தடவிக்கறேன்.

மழை வராத நாள்லயா? வராத நாள்லயும் சுத்தம் சுத்தம்தானே!

போன வாரம் வெண்ணிலா போன் பண்ணா. அவ்வளவு சந்தோஷம் பிள்ளைக்கு. "பூரணக்கா, இந்த வருஷம் கணக்கு போன வருஷத்தை விடப் பிரமாதம். ஒரு நாள் கூட விடாம நாலு மணிக்கு மழை வந்திருக்கு. பெரிய சார் அசந்துட்டார்"ன்னா. எனக்குத் தெரியாதா? பக்கத்துலயே நிக்கறேன்ல. நல்லா இரு கண்ணுன்னு மட்டும் சொன்னேன். டம்ளர்ல ஊத்திக்கிட்டு இருந்தேன், கைக்கு அமையல. அதான் இன்னிக்குப் போய் இந்தச் சொம்பை வாங்கிட்டு வர்றேன். பழசை விடக் கொஞ்சம் பெருசு. ரெண்டு மடங்கு பிடிக்கும்னு கடைக்காரர் சொன்னாரு.

ஏன் அம்மணி இப்படி முழிக்கறீங்க? வாந்தி வருதா? எலுமிச்சம்பழத்தை மோந்து பாருங்க. இல்லையா? அப்ப என்ன, தொண்டையில எதாச்சும் அடைச்சுக்கிச்சா? சரி சரி, மெதுவா. அப்புறம் சொல்லுங்க.

டிரைவர் அண்ணே, மஞ்சப்பாறை பிரிவுல நிறுத்துங்க! மணி என்ன ஆச்சு? மூணரையா? நல்லவேளை, ஏறிப் போக நேரம் சரியா இருக்கும். அந்தப் பையை எடுத்துக் கொடுங்க அம்மணி. வானத்தைப் பாருங்க, வெள்ளை வெளேர்னு இருக்கு, இன்னிக்கு ஒரு சொட்டு வராது. நீங்க சயன்ஸ் டீச்சர்தானே, ஒரு நாள் பிள்ளைங்களை எல்லாம் எங்க காட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, மழைன்னா என்னன்னு காட்டறேன். நாலு மணிக்கு வாங்க. தவறாம பெய்யும்.